பிரேக்குத் தோலுக்கு எண்ணெய் போட்ட ஊர்

அப்படி ஒரே ஒரு பேரைக் கேட்டால் நான் யார் பேரைச் சொல்லுவேன்? லிப்ட் பிரேக்குக்கு எண்ணெய் போட்டது அதை ஓட்டுகிற முனிரத்னம்தான் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டு, அதற்கு என்னை ஆமாம் போடச் சொல்லி எழுதியிருக்கிறாய். ஆமாம் போடுவது சுலபம். அவன் பேரைச் சொன்னால் உங்கள் கம்பெனி மிஸ்திரி வந்த வேலை முடிந்துவிடும், அடுத்த வண்டியிலேயே பட்டணம் திரும்பிவிடுவார். முனிரத்னத்தை நான் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அவன் இடத்தில் உங்கள் கம்பெனி ஆள் வந்து நிற்பான், கிடங்கில் லிப்ட் மறுபடியும் ஓடும். நீ எழுதியிருக்கிற மாதிரி எல்லாம் ஒழுங்காக முடியும். எனக்குத்தான் அது ஒழுங்காகப் படவில்லை. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறாயே, முனிரத்னம் உனக்கு எப்போது ஆபரேட்டர் ஆனான்? மாதனூரிலிருந்து வேலைக்கு வரும்போதெல்லாம் மடியில் உனக்கு வேர்க்கடலை கட்டிக்கொண்டு வந்தவனுக்கு உன் கம்பெனியில் வைத்த பேர் அதுவா? லிப்ட் வழுக்கியதையும், பிரேக்கில் எண்ணெய் இருந்ததையும் நான் உனக்கு எழுதினது, நீ என் மகன், மோட்டார் வேலை தெரிந்தவன், ஒரு யோசனை சொல்லுவாய் என்று. நான் மகனுக்கு எழுதினேன், நீ கம்பெனிக்குச் சொல்லிவிட்டாய். இப்போது காலை வண்டியில் மிஸ்திரி வருகிறார். அவர் வந்து சேருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான் பாதிக்கு மேல். ஆனால் பட்டணம் போனவர்களுக்கு மறதி ஜாஸ்தி, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். கிடங்கு உன் தாத்தா கட்டியது. மேலே இரண்டு மாடி. பதனிட்டு வருகிற தோலை மேல்மாடியில் காற்றாடக் காயப் போட்டு, நடுமாடியில் அடுக்கி, கீழே கட்டுகட்டி ரயிலுக்கு அனுப்புவது. அன்றிலிருந்து இன்றுவரை வாடகைக்கு இருப்பவர் கரீம் சாயபுதான். அவருடைய ஆட்கள் அந்தக் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் குறுகல் படிக்கட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து உன் தாத்தாவுக்குப் பழகிப்போயிருந்தது. எனக்குப் பழகவில்லை. நான் படிப்பை விட்டு ஓடினவன். வேலூரில் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள், நாலாம் பாரத்தில் வாத்தியாரோடு சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறிப் பட்டணம் போனேன். அங்கே ஒரு வியாபாரக் கட்டடத்தில் லிப்ட் கயிறு இழுக்கிற வேலை கிடைத்தது. எந்த வேலையிலும் நிலைத்து நிற்காத நான் அந்தப் பெட்டிக்குள் மட்டும் நின்றேன், அது ஓடிக்கொண்டே இருந்ததனால். அப்புறம் ஊருக்குத் திரும்பி, கல்யாணம் ஆகி, நீ பிறந்து நடக்கிற காலத்தில், அதே கட்டடத்தில் பழைய லிப்டைக் கழற்றிவிட்டுப் புதிது வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். கழற்றிப் போட்டதை வாங்கி கூட்ஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். உன் தாத்தா தலையில் அடித்துக்கொண்டார். சாயபு மட்டும் சிரித்தார்.

அப்போது அது முற்றத்தில் இருந்த எண்ணெய் எஞ்சினில் ஓடியது. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட், அதிலிருந்து இன்னொரு பெல்ட் என்று சுற்றி வளைத்து மேலே போகும். சத்தம் தெருக்கோடிவரை கேட்கும். பெல்ட் அறுந்தால் நம் ஊரிலேயே தைத்துக்கொள்வோம். இரும்பு உடைந்தால் எதிர்ப்பட்டறையில் அடித்துக்கொள்வோம். அது பழுதாகும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், ஆனால் யாரிடம் போக வேண்டும் என்று தெரியும். அதுதான் முக்கியம். இப்போது எனக்குக் கோபம் மட்டும் வருகிறது, போக இடமில்லை. ஊருக்குள் கம்பம் நட்டுக் கரண்டு கொண்டுவந்தார்கள். எஞ்சினை வைத்துக்கொண்டு கரி பிடித்த முகத்தோடு நின்றவர்களெல்லாம் மோட்டாருக்கு மாறினார்கள், நானும் மாறினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் கம்பெனி ஆட்கள் வந்து, மாடிக்கு மேலே அறை கட்டி மோட்டாரை வைத்தார்கள். நீ அவர்கள் கூடவே நின்றாய், சோற்றுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. வேலை முடிந்து அவர்கள் கிளம்பினபோது நீயும் அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்து கிளம்பினாய். உன் அம்மா அழுதாள். நான் தடுக்கவில்லை. நான் எந்த முகத்தோடு தடுப்பேன்?

அந்த ஆரம்பத்தில் உங்கள் கம்பெனியே வேறு மாதிரி இருந்தது. மோட்டாரை எப்படித் திறப்பது, எதைத் துடைப்பது, எது தேய்ந்தால் என்ன செய்வது என்று எனக்கும் முனிரத்னத்துக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். சாமான் வேண்டுமென்று எழுதினால் பார்சலில் வந்துவிடும். ஒருநாள் கரண்டு போய்விட்டது, முனிரத்னம் இரண்டு மாடிக்கும் நடுவே பெட்டியில் மாட்டிக்கொண்டான். அவன் உள்ளே தோல் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, தனக்கு மோர் அனுப்பச் சொன்னான். கம்பிக் கதவு வழியாக உன் அம்மா கொடுத்தாள். நான் மேலே போய் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி அவனை இறக்கினேன். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் உங்கள் கம்பெனிதான். இப்போது என்ன சொல்கிறார்கள்? வருஷ ஒப்பந்தம் போட்டால்தான் சாமான். ஒப்பந்தம் போட்டால் மோட்டார் அறைக்குக் கம்பெனிப் பூட்டு, சாவி பட்டணத்தில். கட்டடக்காரன் திறக்கக் கூடாது. எதிர்ப்பட்டறைக்காரர் தொட்டால் கம்பெனி பொறுப்பு ஏற்காது. லிப்ட் என்னுடையது, அது இருக்கிற இடம் என்னுடையது, அது விழுந்தால் சாகிறவன் என் ஆள். சாவி மட்டும் பட்டணத்தில். மறுபடியும் ஒருவன் நடுவில் மாட்டினால் ரயிலில் சாவி வருகிறவரைக்கும் மோர் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். நான் இதைக் கேட்டு எழுதினதற்கு நீ சரியாகப் பதில் எழுதவில்லை, "விதிமுறை மாறிவிட்டது நைனா" என்று ஒரு வரியோடு விட்டுவிட்டாய்.

சரி, பிரேக்குக்கு வருகிறேன். மோட்டார் நின்றதும் அதன் உருளையை இரண்டு இரும்புக் கைகள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். அந்தக் கைகளின் உள்ளங்கையில் ஒட்டியிருப்பது தோல். காய்ந்த தோலாக இருந்தால் கப்பென்று பிடிக்கும், பெட்டி நிற்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும், பெட்டி நிற்காது. அவ்வளவுதான் விஷயம். கம்பெனி முதலில் வைத்து அனுப்பின தோல் கறுப்பாக, இறுகி, இரும்பு மாதிரியே இருந்தது. அது தோல் என்றே இங்கே ஒருவருக்கும் தெரியாது, யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததும் கிடையாது. அது தேய்ந்துபோனபோது வேறு கேட்டு எழுதினேன். மிஸ்திரி வந்து பார்த்துவிட்டு, இந்தத் தோலை இப்போது யாரும் செய்வதில்லை, எல்லாம் கல்நாருக்கு, அதுதான் ஆஸ்பெஸ்டாஸுக்கு, மாறிவிட்டது, அதற்கு முழு பிரேக்கையும் மாற்ற வேண்டும், கப்பலில் வரவேண்டும், ஒப்பந்தம் போட்டவர்களுக்குத்தான் முதலில் கொடுப்போம் என்றார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சாயபுவுக்கு முகம் சிவந்துவிட்டது. மிஸ்திரி போகிறவரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தார், அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சொல்லிட்டுப் போறான் அவன்? ஆம்பூருக்கு வந்து தோலு இல்லேன்றானா?"

அவர் அப்படிச் சொல்லவில்லை, தோலைவிடக் கல்நார் நன்றாகப் பிடிக்குமாம் என்றேன்.

"நம்ம தோலு லண்டன் வரைக்கும் போவுது தம்பி. ஒம் மாடிக்கு ஏறாதா?"

அதற்கு அப்புறம் அது என் லிப்ட் இல்லை, ஊர் விஷயம் ஆகிவிட்டது. சாயபு தன் சரக்கில் இருந்த நல்ல தோலையெல்லாம் எடுத்துப் போடச் சொன்னார். பக்கத்து ஷெட்டுக்காரர்கள் வந்தார்கள். எருமை முதுகுதான் சரி என்று ஒருவர், அது உள்ளே பஞ்சு மாதிரி, காளை முதுகுதான் வேண்டும் என்று இன்னொருவர். ஒரு கிழவர் தோலை மடித்துக் காதருகே வைத்து ஏதோ கேட்டார், வாயில் வைத்துக் கடித்தும் பார்த்தார். என் மாடிப்படியில் அத்தனை ஜனம் ஏறினது உனக்குப் பேர் வைத்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான். கடைசியில் சாயபு தேர்ந்தெடுத்த காளைத் தோலை, செருப்புத் தைக்கிறவரைக் கூப்பிட்டு அளவாக வெட்டி, ஒட்டி, ஆணி அடித்தோம். பெட்டியை மேலே ஏற்றி நிறுத்தினோம். தண்டவாளத்தில் ஆப்பு வைத்த மாதிரி நின்றது. சாயபு எல்லாருக்கும் ஆற்காட்டுப் பேடா வாங்கிக் கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். உங்கள் கம்பெனி இல்லாமல் ஒரு வேலை முடிந்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் சாயபுவுக்குக்கூட இருந்திருக்காது.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு மத்தியானம் நடுமாடியிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முனிரத்னம் கட்டுகளோடு பெட்டிக்குள் நின்றிருந்தான். கீழே வந்ததும் மோட்டாரை நிறுத்தினான், பிரேக் பிடித்தது, பிடித்தபடியே வழுக்கியது. பெட்டி வாசலைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போய் இடித்தது. சத்தம் கேட்டு நான் ஓடி வரும்போது பாதிக் கதவு மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது. அவனை மேலே இழுத்தோம். கணுக்கால் பிசகிவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டுகள் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கப் பிடிக்கவில்லை. நான் மேலே அறைக்குப் போய்ப் பிரேக்கைத் தொட்டேன். விரல் பளபளவென்று வந்தது. மோந்து பார்த்தேன், புங்க எண்ணெய். கீழே வந்தபோது அவன் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"பிரேக்குக்கு யாருடா எண்ண போட்டது?"

"நாந்தான் மொதலாளி. எப்பவும் போடுறதுதானே."

"எப்பவும்னா?"

"புதுத் தோலு வச்சதுலேர்ந்து. காஞ்சி கெடந்துச்சி. தோலு காஞ்சி கெடக்கிறதப் பாத்துக்கினு சும்மா போவச் சொல்றீங்களா?"

ஒளிக்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று கேட்டால் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னான். அவன் எங்கேயிருந்து வந்தவன் என்று உனக்குத் தெரியும். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கைத்தோல் உரிந்து, அப்புறம் எண்ணெய் போடுகிற ஷெட்டில் காலம் தள்ளினவன். தோல் காய்ந்து வெடித்தால் அங்கே கூலி போய்விடும். காய்ந்த தோலைக் கண்டால் கை தானாகவே எண்ணெய்க்குப் போகும். லிப்டுக்கு வந்த பிறகுதான் அவன் கை முதல்தடவையாக ஈரமில்லாமல் இருந்தது. அதை அவனே என்னிடம் ஒருநாள் காட்டினான், உள்ளங்கையை விரித்து, ஏதோ புது வேட்டியைக் காட்டுகிற மாதிரி. அவனைத்தான் நீ வேலையை விட்டு அனுப்பச் சொல்கிறாய். இப்போது காலையும் இழுத்துக்கொண்டு நடக்கிறான். அவனை எந்த ஷெட்டில் சேர்ப்பார்கள்? மறுபடியும் குழியில்தான் இறங்க வேண்டும், அதற்கும் இந்தக் கால் ஆகுமோ ஆகாதோ.

முதலில் எனக்கும் அவன்மேல்தான் ஆத்திரம். உன்னிடம் அதை மறைக்கவில்லை. அவனை மாதனூரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பழைய தோலைப் பிடுங்கிப்போட்டு, உருளையைச் சாம்பல் போட்டுத் துடைத்து, வேறு காய்ந்த தோல் வைத்தேன். சாயபுவின் ஆட்கள் அத்தனை பேரையும் நிற்கவைத்து, யாராவது அதற்கு எண்ணெய் போட்டால் கையை ஒடிப்பேன் என்று சொன்னேன். அப்புறம் பெட்டியில் சரக்கு ஏற்றாமல், ஆளையும் ஏற்றாமல், வெறுமனே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் நின்றது. வெள்ளிக்கிழமை தாண்டி மறுநாள் ஓட்டினேன், வாசலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கி நின்றது. மேலே போனேன். இரண்டு பக்கத் தோலும் மினுக்கிக்கொண்டிருந்தது. முனிரத்னம் மாதனூரில் காலைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறான், இங்கே எண்ணெய் எப்படி வந்தது? மோந்து பார்த்தேன். ஒரு பக்கம் மீன் எண்ணெய். இன்னொரு பக்கம் விளக்கெண்ணெய்.

விளக்கெண்ணெய் எந்த வீட்டுச் சரக்கு என்று எனக்குத் தெரியாதா? அடுப்பங்கரைக்குப் போய்க் கேட்டேன். உன் அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வெள்ளிக்கெழமன்னு மோட்டாருக்கு வெளக்கு ஏத்தப் போனேன். தோலு வெளுத்துப்போயி கெடந்துச்சி. பாவமா இருந்துச்சி, வெளக்குலேர்ந்து ரெண்டு சொட்டு தொட்டு வச்சேன். அதுக்கு இன்னா இப்ப?"

அவள் ஷெட்டு வேலைக்குப் போனவள் இல்லை. ஆனால் ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். முனிரத்னம் கால் பிசகி வந்தபோது அவளே பற்றுப் போட்டாள், எண்ணெயால்தான் வழுக்கியது என்று நான் கத்தினதையும் கேட்டாள். அது புங்க எண்ணெய், இது விளக்கெண்ணெய்தானே என்கிறாள். மீன் எண்ணெய் யாருடையது என்று கேட்கச் சாயபுவைத் தேடிப் போனேன். மண்டியில் உட்கார்ந்திருந்தார். கேட்டதும் அவருக்குச் சந்தோஷமே வந்துவிட்டது.

"நான் குடுத்த தோலுல்ல தம்பி? தொழுகைய முடிச்சி வர வழியில எப்டி கீதுன்னு பாக்க மாடிக்கு ஏறினேன். வறண்டு கெடந்துச்சி. ஒரு கை போட்டேன். கண்ட எண்ண இல்ல, நல்ல மீன் எண்ண."

"அதுக்கு எண்ண போடக் கூடாது சாயபு."

"போடக் கூடாதுன்னா அங்க தோல ஏன் வச்சே?"

மாடியேறினால் மூச்சு வாங்குகிற மனுஷர், அந்தப் படியெல்லாம் ஏறிப் போய்த் தன் கையால் எண்ணெய் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் சரக்கு லிப்ட் இல்லாமல் நடுமாடியில் கிடக்கிறது, ஆட்கள் மறுபடியும் தலையில் சுமக்கிறார்கள், தினமும் என்னிடம் பேஜார் பண்ணுகிறவரும் அவர்தான். அவரே போட்டிருக்கிறார். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் தெருவில் நின்றேன். இந்த ஊரில் காய்ந்த தோலைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நீ மட்டும் என்ன? பட்டணத்துக்குக் கிளம்புகிற அன்றைக்கு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று நான் கத்திக்கொண்டிருக்க, புதுச் செருப்புக்குப் புங்க எண்ணெய் தடவிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவன் நீதானே?

இப்போது சொல், இது கவனக்குறைவா? கவனம் கம்மி இல்லை, ஜாஸ்தி. அந்தப் பழைய கறுப்புத் தோலை யாரும் தங்களுடையது என்று நினைக்கவில்லை, அதனால் அது பிழைத்தது. இது எல்லாரும் கூடித் தேர்ந்தெடுத்தது, ஆளாளுக்கு வந்து சீராட்டிவிட்டார்கள். முனிரத்னத்தை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் உங்கள் ஆளை நிறுத்தினாலும், அந்த ஆளுக்குத் தெரியாமல் நாளைக்கு இன்னொருவர் போடுவார். அதனால்தான் சொல்கிறேன், கல்நார் விஷயத்தில் உங்கள் கம்பெனி சொன்னது சரி. இதை எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கல்நாரைப் பார்த்து இங்கே யாருக்கும் பாவமாக இருக்காது. அதற்கு என்ன போட வேண்டும், என்ன போடக் கூடாது என்று யாருக்கும் தெரியாது, தெரியாததால் சும்மா விட்டுவிடுவார்கள். அறைக்குப் பூட்டு வேண்டும் என்று கம்பெனி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. முழுக்கத் தப்பாகச் சொன்னால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடுவேன், பாதி சரியாகச் சொல்லிவிட்டு மீதியில் ஒருவன் சோற்றில் கை வைக்கிறார்கள்.

அதனால் மிஸ்திரியிடம் நான் சொல்லப்போவது இதுதான். ஒப்பந்தம் போடுகிறேன். கல்நார் பிரேக் கப்பலில் வருகிறவரைக்கும் லிப்டை ஓட்டமாட்டேன், சாயபு எவ்வளவு பேஜார் பண்ணினாலும் சரி. பூட்டும் போடட்டும், ஆனால் ஒரு சாவி இந்த வீட்டில் இருக்க வேண்டும், நடுவில் ஆள் மாட்டினால் இறக்க. பெட்டியில் முனிரத்னம்தான் நிற்பான். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கம்பெனி அவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், அவன் சொன்னால் கேட்கிறவன். லிப்ட் வழுக்குகிறவரைக்கும் ஒருவரும் அவனிடம் அந்தத் தோலுக்கு எண்ணெய் கூடாது என்று சொன்னதில்லை. யார் போட்டது என்று மிஸ்திரி கேட்டால், இது என் கட்டடம், தோலை வைக்கச் சொன்னவன் நான், ஒரு பேர் வேண்டுமென்றால் என் பேரை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிடுவேன். அதனால் கம்பெனி ஒப்பந்தமே வேண்டாம் என்றால் வேண்டாம். உன் தாத்தா காலத்து மாதிரிப் படிக்கட்டு இருக்கிறது. சாயபு போவதானால் போகட்டும். இரண்டு மாடிக் கிடங்கைக் காலியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு லேசாக இருக்காது, தெரிந்துதான் சொல்கிறேன். உனக்குக் கம்பெனியில் தலைக்குனிவு வரும் என்று உன் அம்மா பயப்படுகிறாள். வரட்டும். அப்பன் என் பேச்சைக் கேட்கவில்லை என்று நீ சொல்லிக்கொள், அது ஒன்றும் நம் வீட்டில் புதிது இல்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ. இனிமேல் நீ எந்தக் கட்டடத்துக்கு மோட்டார் பார்க்கப் போனாலும் நேரே மோட்டாரிடம் போகாதே. கீழே கொஞ்ச நேரம் நின்று, அங்கே இருக்கிறவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள், அவர்கள் கை என்ன செய்து பழகினது என்று பார். நூல் கிடங்குக்காரன் எது தளர்ந்தாலும் நூலால் கட்டிவிடுவான். எண்ணெய் மண்டிக்காரன் சுவிட்சைக்கூட எண்ணெய்க் கையால்தான் தொடுவான். நெல் மண்டிக்காரன் எந்தச் சத்தத்துக்கும் சாக்கைத் திணிப்பான். யாரும் கெடுக்க வேண்டும் என்று செய்வதில்லை, காப்பாற்ற வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். உன் கம்பெனி இங்கிலாந்தில் உட்கார்ந்து பிரேக் செய்கிறது, அவர்களுக்கு இது தெரிய வழியில்லை. நீ ஆம்பூரில் பிறந்தவன். தேய்ந்ததற்கு வேறு கேட்டு நான் எழுதினபோதே, இது தோல், இந்த ஊரில் தோலைச் சும்மா விடமாட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நீ. எனக்கும் தோன்றவில்லை, சரி. ஆனால் எனக்கு யாரும் அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை. உனக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சம்பளம் வாங்குகிற இடத்தில் ஒரு ஆளின் பேரை எழுதிக் கணக்கை முடிக்கிற பழக்கம் வந்துவிட்டால், அப்புறம் நீ மிஸ்திரி இல்லை, வெறும் குமாஸ்தா. குமாஸ்தா ஆவதற்கு நாலாம் பாரம் முழுசாகப் படித்திருந்தால் நானே ஆகியிருப்பேன்.

இன்னும் எழுத இருக்கிறது. உன் உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்று உன் அம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் கீழே குதிரை வண்டி நின்ற சத்தம் கேட்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மிஸ்திரி இறங்குகிறார். இன்றைக்கு இந்தப் பக்கமே வராதே என்று நான் முனிரத்னத்துக்குச் சொல்லியனுப்பியிருந்தேன், கேட்கவில்லை. எப்போது வந்தானோ, காலை இழுத்துக்கொண்டு ஓடிப் போய் அவர் கையிலிருந்த சாமான் பெட்டியை வாங்கிக்கொண்டிருக்கிறான். அவர் அவனிடம் ஏதோ கேட்கிறார். அவன் தலையாட்டிக்கொண்டு நிற்கிறான். அவனைக் கேட்டால் உள்ளதை அப்படியே சொல்லிவிடுவான், அவனுக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது. அவர் அதை எழுதிக்கொள்வதற்குள் நான் போக வேண்டும்.